பானெட் சூடு

மட்டக்குளியில், ஆற்று வாய்க்குப் போகும் ஒழுங்கையில்
திசேராவின் கேட்டடியில் நின்றது கெப்.
முதல் வேலையாக பானெட்டில் கை வைத்தேன்.
சுட்டது.
"இப்பதான் டீசல் அடிச்சிட்டு வந்தனான்" என்றார்,
நான் கேட்காமலே.
உள்ளே டீசல் ஊசி
சிவப்பில் படுத்திருந்தது.

மீட்டர் சொல்வது ஒரு லட்சத்து எண்பத்தீராயிரம்.
கிளட்ச் மிதியில் ரப்பர் தேய்ந்து
இரும்பு பல்லைக் காட்டுகிறது.
இரண்டில் எது பொய் என்று
கால்களுக்குத் தெரியும்.

பஞ்சிகாவத்தையிலிருந்து சிசிர பாஸைக் கூட்டி வந்திருந்தேன்.
கூலி இரண்டாயிரத்தைந்நூறு, ஒரு பிளேன்டீ.
ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைக் கழற்றி
அதே வாயில் கவிழ்த்து வைத்தார்.
மூடி துள்ளியது, துள்ளியது,
விழவில்லை.
"கொஞ்சம் மூச்சு விடுது."
கொஞ்சம் என்றால் எவ்வளவு, பாஸ்?
"இப்ப சாகாது, நோனா. இருமும்."

கொழும்பில் ஏற்றம் என்று தேடினால்
பாலம்தான் கிடைக்கும்.
களனிப் பாலத்தில் ஏற்றினேன்.
பின்னால் கறுப்பாகப் புகை.
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு
ஒரு பெடியன் என்னைத் திட்டிக்கொண்டே முந்தினான்.
டர்போ விசிலடித்தது.
நல்ல விசிலா கெட்ட விசிலா என்று
பாஸின் முகத்தைப் பார்த்தேன்.
அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு லட்சம்.
இத்தனை வயசு வண்டிக்கு லீசிங் இல்லை.
பாங்க் லொக்கரில் என் காப்புகள், தர்ஷாவின் சீட்டுக்காசு,
மிச்சத்துக்கு ஒரு வாய்.

வேண்டாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.
ஆனால் முகத்துவாரத்துச் செத்தவீடு
கண்ணை விட்டுப் போகவில்லை:
இருநூறு கதிரை, ஒரு ஓட்டோ,
ஒரு நடைக்கு முப்பது.
மூன்றாம் நடையில் நான் போய் நிற்க
பெட்டி வந்து இறங்கிவிட்டது.
தகப்பனைப் பறிகொடுத்தவன்
வெள்ளைச் சேட்டோடு ஓடிவந்து
கதிரைகளைத் தானே இறக்கினான்.
"பரவாயில்லை அக்கா" என்றான்.
அந்தப் பரவாயில்லைக்கு
நான் இன்னும் பில் போடவில்லை.

இரவு கொட்டகையில் கதிரை எண்ணினேன்.
கால் வெடித்தவை பதினேழு.
வெடிப்பில் டேப் ஒட்டி, அடுக்கில் அடியில் வைப்பேன்,
பின்வரிசைக்குப் போகும்படி.
பாரமான ஆட்கள் முன்னால்தான் இருப்பார்கள்
என்பது என் நம்பிக்கை.
ஆக, ஆள் வர முன்னம் எஞ்சினைச் சூடாக்கி வைத்தவரை
நான் என்னவென்று ஏச?

காலை ஐந்தேமுக்கால். சொல்லாமல் போனேன்.
கேட்டைத் தட்டினேன்.
சாரத்தை இறுக்கிக்கொண்டே வந்தார் திசேரா,
பிரஷ் வாயில்.
பானெட்டில் பனி. கை வைத்தேன்,
மீன்வாடி ஐஸ் மாதிரி.
திறப்பைக் கேட்டேன்.

அவர் நுரையைத் துப்பினார்.
கொஞ்ச நேரம் திறப்பையே பார்த்தார்.
"மூன்றாந்தரம்தான் பிடிக்கும்.
வெள்ளையாப் புகைக்கும், பயப்படாதீங்க.
காலையில ரெண்டாம் கியர் விழாது,
ஒண்ணிலயிருந்து மூண்டுக்குப் போடுங்க.
போன மழைக்கு ஒருக்கா வத்தளையில நிண்டுட்டுது.
தள்ளினனான்."

நேற்று முழுக்கச் சொல்லாததை
பல் விளக்காத வாயால் சொன்னார்.

மூன்றாந்தரம் பிடித்தது.
ஒழுங்கை முழுக்க வெள்ளை.
மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின,
பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலை அடித்துச் சாத்தினார்.
புகைக்குள்ளிருந்து நான் கத்தினேன்:
"முப்பத்தஞ்சு!"
அவர் எதோ சொன்னார்.
எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.
நிறுத்திக் கேட்கலாம்தான்.
நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமோ என்று
காலை எடுக்காமல் இருந்தேன்.